அஞ்சு நட்சத்திர ஏர்கோன் வாங்கினால் மின்சாரம் மிச்சமாகுமா?

செந்தூல்வாசி:
மின்சாரச் சேமிப்புக்காக நாலு, அஞ்சு நட்சத்திரம் பெற்ற ஐஸ் பெட்டியோ ஏர்கோனோ வாங்கியவர்களுக்கு 2021-இல் மலேசிய அரசாங்கம் 200 ரிங்கிட் தள்ளுபடி கொடுத்தது. இப்படிப்பட்ட திட்டங்களே வேண்டாம் என்கிறேன். மெக்சிகோவில் 2009 முதல் 2012 வரை 19 லட்சம் குடும்பங்கள் பழையதை மாற்றிக்கொள்ள அரசு உதவியது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் லூக்காஸ் டேவிஸ், ஆலன் ஃபுக்ஸ், பால் கெர்ட்லர் மூவரும் வீடுவீடாக மின்சார பில்லை எடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் வந்த அவர்கள் கட்டுரைப்படி, ஐஸ் பெட்டி மாற்றிய வீடுகளில் 8 விழுக்காடுதான் குறைந்தது, எதிர்பார்த்ததில் கால்வாசி. ஏர்கோன் மாற்றிய வீடுகளில் பயன்பாடு கூடியே விட்டது!

ஆயர் ஈத்தாம் அக்கா:
தம்பி, எங்கள் வீடு அடுக்குமாடியின் மேல்தளம். பகலெல்லாம் வெயில் குடித்த சுவர், ராத்திரி பத்து மணிக்குக் கைவைத்தாலும் சுடும். பழைய ஏர்கோன் இருந்தவரை அம்மா பில்லுக்குப் பயந்து பதினொரு மணிக்கே எழுந்து அதை நிறுத்திவிடுவார். ஒரு மணிக்கு வேர்த்து விழிப்பு வரும். அப்புறம் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். இப்போது, தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் புது இன்வெர்ட்டர் ஏர்கோன், 26 டிகிரியில் வைத்தால் விடியும்வரை ஓடுகிறது, அவரும் தூங்குகிறார். பில் 12 ரிங்கிட் கூடியிருக்கிறது. இது நஷ்டமா?

செந்தூல்வாசி:
அம்மா தூங்குவதை நஷ்டம் என்று எப்படிச் சொல்வேன் அக்கா? ஆனால் அந்த ஆய்வு சொல்கிற முக்கியமான காரணமும் நீங்கள் சொன்னதுதான். ஓட்டுகிற செலவு குறைந்தால் கூடுதல் நேரம் ஓட்டுவோம். நட்சத்திரம் போடும்போது ஒரே அளவு பயன்பாட்டை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். பதினொரு மணிக்கு எழுந்து நிறுத்துகிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் இருந்து வருகிறது. சுற்றுச்சூழலுக்கென்று ஒதுக்கிய பணம் அந்தப் புகையைக் குறைக்க வேண்டாமா?

வயரிங் தம்பி:
நான் வீடுகளுக்குப் போய் ஏர்கோன் மாட்டுகிறவன். ஐஸ் பெட்டியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். புதுசு முன்னால் வந்ததும் பழையது பின் சமையலறைக்குப் போகும், தீபாவளிப் பானங்கள் வைக்க. கதவு ரப்பர் கிழிந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும், ஆனாலும் பிளக்கைப் பிடுங்கமாட்டார்கள். போன மாதம் மட்டும் இப்படி மூன்று வீடு பார்த்தேன். மெக்சிகோவில் பழையதை ஒப்படைத்தால்தான் உதவி, வாங்கி உடைத்துவிட்டார்கள். அங்கேயே கால்வாசிதான் மிஞ்சியது, ஏனென்றால் புதுசு அளவில் பெரியது, ஐஸ் கொட்டும் வசதி வேறு.

செந்தூல்வாசி:
அதனால்தான் சொல்கிறேன், தள்ளுபடியை விட்டுவிட்டு மின்சாரத்துக்கு உண்மை விலையை வையுங்கள். கஷ்டப்படுகிற குடும்பத்துக்கு ரொக்கமாகக் கொடுங்கள். எதைக் குறைக்கலாம் என்று அவர்களே முடிவு செய்வார்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
விலை ஏறினால் யார் முதலில் சுவிட்சை அணைப்பார்? நாலு அறையிலும் ஏர்கோன் ஓடுகிற பங்களாக்காரரா? எங்கள் அம்மாதான். 2025 ஜூலைக்கு முந்திய கட்டணத்தில் முதல் 200 யூனிட்வரை யூனிட் ஒன்றுக்கு 21.80 சென், 300-ஐத் தாண்டிய யூனிட் ஒன்றுக்கு 51.60 சென். அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பதற்காகவே அவர் எத்தனையோ ராத்திரி வேர்த்திருக்கிறார். ரொக்கம் கொடுப்பீர்கள், சரி. அது என் அண்ணன் கணக்கில் விழும், அவர் மோட்டார் சைக்கிள் தவணைக்குப் போகும். தள்ளுபடி அப்படியில்லை, அம்மா அறைச் சுவரிலேயே மாட்டியிருக்கிறது.

செந்தூல்வாசி:
ரொக்கம் யார் கைக்குப் போகிறது என்பதை நான் யோசிக்கவில்லை, நியாயம்தான். அப்படியென்றால் முதியோர் இருக்கிற, வருமானம் குறைந்த வீட்டுக்கு ஏர்கோன் உதவியைக் கொடுங்கள், சுகாதாரச் செலவில் எழுதுங்கள். கரிப்புகையைக் குறைத்தோம் என்று மட்டும் கணக்குக் காட்டாதீர்கள். ஐஸ் பெட்டிக்குத் தள்ளுபடி கேட்டால் பழையதைக் கொண்டுவந்து ஒப்படைக்கட்டும்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
ஐஸ் பெட்டிக்கு அந்த விதி வரட்டும், எனக்குச் சம்மதம். எந்தக் கணக்கில் எழுதினாலும் சரி, அம்மா மாதிரி இருப்பவர்களுக்கு அப்படிப்பட்ட உதவி இல்லாமல் போகக் கூடாது.