ரயில் உணவகப் பெட்டியில் அம்மாவோடு சாப்பிட யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அம்மாவோடு இரண்டு இரவு ரயில் பயணம். 1868-இல் அமெரிக்காவின் புல்மன் ரயில்பெட்டி நிறுவனம் ‘டெல்மோனிகோ’ என்ற உணவகப் பெட்டியை ஓடவிட்டதைப் படித்ததிலிருந்து, ஓடும் ரயிலில் ஜன்னலோர மேசையில் ஒருவேளையாவது சாப்பிட வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை.

சிக்கல் முழங்கால் வலிதான். நான்கு பெட்டி தாண்டி நடக்க வேண்டும். இரண்டு பெட்டி சேருமிடத்தில் தரைத்தகடு காலடியில் நகர்ந்துகொண்டே இருக்குமே, அங்கேதான் எனக்குப் பயம். கைத்தடி ஊன்றினால் வழுக்குமா? ரயில் நிற்கும்போது கூட்டிப்போனால், அப்புறம் அடுத்த நிறுத்தம் வரை அங்கேயே உட்கார விடுவார்களா? ஏறியதுமே மேசைக்குச் சொல்லிவைக்க வேண்டுமா? இருக்கைக்கே தட்டு வரவழைக்கலாம், சரி, ஆனால் அம்மா வேண்டாம் என்கிறார். வயதானவர்களை அழைத்துப்போனவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.