யாஸூவின் ‘அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்’ (1982): முழுசாகக் கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

பின்னிரவு_ரேடியோ:
எலக்ட்ரோ பாப் (சின்தசைசர் வைத்துச் செய்யும் பாப் இசை) ஆல்பம் என்றால் மூன்றாவது பாட்டிலேயே எனக்குச் சலிப்புத் தட்டிவிடும், எல்லாம் ஒரே தாளம். இதில் அப்படி இல்லை. ‘டோன்ட் கோ’ கேட்டால் கால் சும்மா இருக்காது, ‘ஒன்லி யூ’ ஆளை உருக்கிவிடுகிறது, ‘வின்டர் கில்ஸ்’ பியானோவோடு ஒரு குளிர் இரவு மாதிரி மெல்ல நகர்கிறது. யாஸூ குழுவில் இரண்டே பேர், அதுவும் அவர்களுடைய முதல் ஆல்பம்! எப்படி முடிந்தது? அப்புறம், அந்த நாலாவது டிராக் என்ன கூத்து? பாட்டே இல்லை, வெறும் பேச்சு.

அனலாக்_பித்தன்:
ஆள் சேர்ந்த விதம்தான் காரணம். சின்தசைசர் வாசிக்கிற வின்ஸ் கிளார்க் 1981-இல் டெபேஷ் மோடின் முதல் ஆல்பம் வந்த கையோடு அந்தக் குழுவை விட்டு வெளியே வந்துவிட்டார். அலிசன் மொயே புளூஸ் பாடுகிறவர், அந்த மாதிரிக் குழு வேண்டுமென்று ‘மெலடி மேக்கர்’ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்தார். இரண்டு பேருக்கும் ஊர் ஒன்றுதான், எசெக்ஸ் பக்கம் பாசில்டன். ‘ஒன்லி யூ’வுக்கு டெமோ (மாதிரிப் பதிவு) பாட ஆள் தேடிய கிளார்க் அவரைக் கூப்பிட்டார். கூப்பிட்டது டெமோவுக்கு, வந்தது ஆல்பம்! சின்தசைசர் எண்ணி எண்ணி, அளந்து அடிக்கிறது. அந்தக் கனத்த குரல் அளவுக்குள் நிற்பதே இல்லை. ‘மிட்நைட்’ தொடக்கத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள், முதலில் குரல் தனியாக வரும், மெஷின் அப்புறம்தான் வந்து சேரும். எனக்கு மொத்த ஆல்பமும் அந்தச் சில விநாடிதான்.

கேசட்_காலம்:
நாலாவது டிராக்கைத் தாண்டிப் போய்க்கொண்டே இருங்கள், பாவமில்லை. டேப்பை வெட்டி ஒட்டி விளையாடியிருக்கிறார்கள், ஒரு தடவை கேட்டால் போதும். தலைப்பில் வரும் எரிக் யார் என்றால், இவர்களோடு சேர்ந்து ஆல்பத்தைத் தயாரித்த எரிக் ராட்கிளிஃப். லண்டனில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் பிளாக்விங் என்ற ஸ்டூடியோ நடத்தியவர்.

அனலாக்_பித்தன்:
@கேசட்_காலம் ஒத்துக்கொள்ள மாட்டேன் பாஸ். அதே விளையாட்டுதானே ‘இன் மை ரூம்’ பாட்டிலும் இருக்கிறது? பின்னால் ஒரு குரல் ஜெபம் சொல்லிக்கொண்டே இருக்க, மொயே அதற்கு மேலே பாடுகிறார். நாலாவது டிராக்கைக் கேட்டுவிட்டுப் போனால் இந்தப் பாட்டு இன்னும் நன்றாகப் பிடிபடும்.

தெற்குவாசல்:
‘சிச்சுவேஷன்’ பாட்டை யாருமே சொல்லவில்லையே! இங்கிலாந்தில் ‘ஒன்லி யூ’ சிங்கிள் இசைத்தட்டின் பின்பக்கம் வந்தது, அமெரிக்கப் பதிப்பில் ஆல்பத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அங்கே குழுவின் பெயரும் வெறும் ‘யாஸ்’தான். அதில் மொயே சிரிக்கும் சிரிப்பை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், ‘மக்கரேனா’ ரீமிக்ஸில் வருவது அதேதான். அடுத்து 1983-இல் வந்த ‘யூ அண்ட் மீ போத்’ கேளுங்கள். அது கடைக்கு வருவதற்குள் இவர்கள் பிரிந்தாயிற்று, இருந்தாலும் இங்கிலாந்தில் முதலிடம். கிளார்க்கின் துள்ளல்தான் உங்களுக்குப் பிடித்தது என்றால் அவர் பின்னால் தொடங்கிய எரேஷர் குழுவின் பக்கம் போங்கள், ‘தி இன்னொசென்ட்ஸ்’ (1988) நல்ல தொடக்கம்.