[உதவி] மகள் பேருக்கு இங்கிலீஷ்ல ரைம் வேணும், நாளைக் காலைக்குள்ள

பாயான்பாரு_அப்பா | இரவு 8.52
வணக்கம். மகளோட தடிகாவில (பாலர் பள்ளி) ஆண்டு இறுதி கான்சர்ட். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது பேரோட ரைம் ஆகிற மாதிரி இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதி அனுப்பணுமாம். டீச்சர் வாட்ஸ்அப்ல போட்டு ரொம்ப நாளாச்சு, இன்னிக்குத்தான் வீட்ல காட்டினாங்க. மத்த பிள்ளைங்க ஏமி, ரயன், லூசின்னு ஈஸியா இருக்கு. நம்ம பேருக்கு ஒண்ணும் அமைய மாட்டேங்குது. ரைம் தேடுற சைட்ல போட்டா எதுவுமே இல்லைன்னு வருது. தெரிஞ்சவங்க சட்டுன்னு சொல்லுங்க.

கோப்பி_ஓ | 8.55
அண்ணே, பேரு?

ஈப்போரோடு_அக்கா | 8.57
அதானே. பேரையே சொல்லாம ரைம் கேட்டா நாங்க என்ன வெத்திலையில மை போட்டா பார்க்கிறது?

செந்தூல்காரன் | 9.01
எந்தப் பேரா இருந்தாலும் வழி ஒண்ணுதான். பேரை வரிக்கடைசியில வைக்காதீங்க. நடுவுல எங்கேயாவது சொருகிட்டு, கடைசிக்கு டே–ப்ளே, சன்–ஃபன்னு சுலபமானதாப் போடுங்க. வேலை முடிஞ்சுது. என் பையனுக்கு அப்படித்தான் செஞ்சேன்.

பாயான்பாரு_அப்பா | 9.10
யாழிசை. ஆறு வயசு.

கோப்பி_ஓ | 9.12
அட, இதுக்கா கவலை? ஸ்கை, ஹை, ஃப்ளை, ஜூலை, குட்பை. வாரி இறைக்கலாம் லா.
‘ஹலோ, ஐ அம் யாழிசை, லுக் அட் மீ, ஐ கேன் ஃப்ளை.’ எடுத்துக்கோங்க.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | 9.20
ரைம் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு பதில் எழுதினால் கேட்டவருக்கு உபயோகமாக இருக்கும். கடைசி எழுத்து ஒத்துப்போனால் அது நம் இயைபு. ஆங்கிலத்தில் கணக்கு வேறு. சொல்லில் அழுத்தம் விழும் உயிரொலியில் தொடங்கி, அதற்குப் பின்னால் வரும் அத்தனையும் ஒத்துப்போக வேண்டும். ‘ஸிங்கிங்’, ‘கோயிங்’ இரண்டுமே ‘இங்’கில்தான் முடிகின்றன, ஆனால் ரைம் அல்ல. ‘ஸிங்கிங்’, ‘பிரிங்கிங்’ என்றால் ரைம். யாழிசையில் அழுத்தம் ‘யா’வில். எனவே ‘ஆழிசை’ முழுவதும் ஒத்துப்போகும் ஆங்கிலச் சொல் வேண்டும். அப்படி ஒன்று கிடையாது. ‘ஆரஞ்ச்’, ‘மந்த்’ போன்ற சொற்களுக்கு ரைம் இல்லை என்பார்களே, அந்தப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கோப்பி_ஓ | 9.22
வாத்தியார் வந்துட்டாரு, எல்லாரும் கையைக் கட்டிக்குங்க.

ஈப்போரோடு_அக்கா | 9.26
தம்பி, அழுத்தத்தை அப்புறம் பார்ப்போம். வீட்ல எப்படிக் கூப்பிடுறீங்க? பேச்சுல நாம யாரும் ‘சை’யை முழுசா சொல்றதில்லையே. ‘யாழிச, இங்க வா’ன்னுதான் வாயில வரும். பள்ளிக்கூடத்துல ஐகாரக்குறுக்கம்னு படிச்சோமே, சொல்லோட கடைசியில வர்ற ஐ ரெண்டு மாத்திரையிலிருந்து ஒண்ணா குறைஞ்சிடும்னு, அதேதான். மேடையில ‘யாழிச’ன்னு சொல்லிட்டு அடுத்த வரியில ‘ஸ்கை’ன்னு முடிச்சா ஒட்டாது. பிள்ளை எப்படிச் சொல்லுது, டீச்சர் எப்படிச் சொல்றாங்கன்னு முதல்ல சொல்லுங்க.

தரவுத்தம்பி | 9.31
இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கும் வேணும்ணே. அப்புறம், சைட்ல ஏன் வரலைன்னா, இந்த மாதிரி சைட்டுங்க பலதுக்கும் அடியில இருக்கிறது அமெரிக்காவில கார்னகி மெல்லன் பல்கலைக்கழகம் செஞ்ச உச்சரிப்பு அகராதி. 134,000 சொல்லுக்கு மேல இருக்கு, ஆனா எல்லாம் வட அமெரிக்க உச்சரிப்பு. நம்மாளு பேரு அதுல எங்க இருக்கப்போகுது? பேரைத் தேடாதீங்க. அதே மாதிரி முடியுற ஒரு இங்கிலீஷ் சொல்லைப் போட்டுத் தேடுங்க.

பாயான்பாரு_அப்பா | 9.48
பாப்பாவைச் சாப்பிட வச்சிட்டு வந்தேன். ஸ்பெல்லிங் ஒய்-ஏ-ஏ-எல்-எச்-ஐ-எஸ்-ஏ-ஐ. எண்கணிதம் பார்த்து மாமனார் எச் சேர்க்கச் சொன்னார். டீச்சர் சீனர், ‘யால்-ஹி-சாய்’ம்பாங்க. மகள் ‘யாயிசை’ன்னு சொல்லும், ழ இன்னும் வரலை.

தரவுத்தம்பி | 9.50
இதை முதல் பதிவுலேயே போட்டிருந்தா ஒரு மணி நேரம் மிச்சம்.

ஜெலுத்தோங்_பையன் | 9.55
முக்கியமான ஒண்ணை யாரும் கவனிக்கலை. கோலாலம்பூர்க்காரங்களுக்கு இது தெரியாது. பினாங்கு மேடையில நின்னு ‘சாய்’னு தனியா அழுத்திச் சொன்னா, முன் வரிசையில உட்கார்ந்திருக்கிற ஹொக்கியன் பேசுற சீனப் பாட்டிமாருங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க. ‘லாவ்சாய்’னா என்னன்னு இந்தத் தீவுல தெரியாதவங்க உண்டா? டீச்சர் மாதிரி யால், ஹி, சாய்னு மூணா உடைக்க விடாதீங்க. ஒரே மூச்சுல சொல்லிக் கொடுங்க.

கோப்பி_ஓ | 9.57
ஹாஹா, வயித்தால போறது! ஆனா தொனியை மாத்தினா அதே சாய் சிங்கம்தானே? பாப்பா சிங்கக்குட்டின்னு சொல்லிச் சமாளிங்க.

செந்தூல்காரன் | 9.59
எங்க பக்கம் கேண்டனீஸ்ல அது ‘சின்னது’. கேஎல்ல பிரச்சினை இல்லை.

செந்தூல்காரன் | 10.04
தப்பா நினைக்காதீங்க, இதுக்குத்தான் ழ வச்ச பேரு வேணாங்கிறது. இசட்-எச் போட்டா மலாய்க்கார டீச்சர் ‘ஸ’ம்பாரு. சீன டீச்சர் பின்யின் (சீனத்தை இங்கிலீஷ் எழுத்துல எழுதுற முறை) பழக்கத்துல ‘ஜ’ம்பாங்க. எல் போட்டா நம்மாளே ‘யாலிசை’ம்பான். பிள்ளை காலம் பூரா ஒவ்வொரு கவுண்டர்லயும் நின்னு விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்கணுமா?

ஈப்போரோடு_அக்கா | 10.08
அப்ப தமிழ்ங்கிற பேரையே மாத்திடுவோமா? அதுலயும் கடைசியில ழ்தான். இங்கிலீஷ்ல எல் போட்டுத்தான் உலகம் முழுக்க எழுதுறாங்க, தமிழ் என்ன செத்தா போச்சு?

செந்தூல்காரன் | 10.11
அக்கா, நான் சொல்றது நடைமுறை. மொழிப்பற்றுக்குள்ள போகாதீங்க.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | 10.15
கேரளாவின் கோழிக்கோடு என்ற ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் இன்று இசட்-எச் போட்டுத்தான் எழுதுகிறார்கள். வெள்ளைக்காரன் அதையே காலிகட் ஆக்கி வைத்திருந்தான். எழுத்துக்கூட்டல் ஒரு வழக்கம், அவ்வளவே. ஆனால் எண்கணிதத்துக்காக நடுவில் ஓர் எச்சைச் சொருகுவது எந்த வழக்கத்திலும் சேராது. டீச்சர் ‘ஹி’ என்று படிப்பதில் அவர் தப்பு ஒன்றுமில்லை.

பாயான்பாரு_அப்பா | 10.17
ஐயா, மாமனார் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கார். ரைம் மட்டும் சொல்லுங்க.

புக்கிட்மெர்தாஜாம்_ரவா | 10.20
பந்துன், அதான் மலாய்க் கவிதை, எழுதிக் கொடுங்களேன்! நாலு வரி, ஒண்ணும் மூணும் ரைம், ரெண்டும் நாலும் ரைம். முதல் ரெண்டு வரி பெம்பாயாங் (முன்னோட்டம்), அடுத்த ரெண்டு மக்சுட் (சொல்ல வந்த கருத்து). மலாய்ல இந்தப் பேருக்கு ரைம் கொட்டிக் கிடக்கு: பந்தாய், சுங்கை, டமாய், பண்டாய். ‘யாழிசை புடாக் பண்டாய்’னு (யாழிசை கெட்டிக்காரப் பிள்ளை) முடிச்சா கைதட்டு நிச்சயம். 2020ல யுனெஸ்கோவே பந்துனைப் பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்திருக்கு.

தரவுத்தம்பி | 10.21
இங்கிலீஷ்ல கேட்டிருக்காங்க சார்.

புக்கிட்மெர்தாஜாம்_ரவா | 10.22
ஓ. ஸ்க்ரோல் பண்ணிப் பார்க்கலை.

தரவுத்தம்பி | 10.34
சரி, விஷயத்துக்கு வருவோம். வாத்தியார் சொன்ன அழுத்தக் கணக்கு சரி, ஆனா முடிவு சரியில்லை. நான் சொன்ன அகராதியில ஒவ்வொரு உயிரொலிக்கும் பக்கத்துல ஒரு எண் இருக்கும். 1ன்னா முதன்மை அழுத்தம், 2ன்னா துணை அழுத்தம், 0ன்னா அழுத்தமே இல்லை. ‘பட்டர்ஃப்ளை’யைப் பாருங்க: ‘ப’வுக்கு 1, நடுவுல 0, ‘ஃப்ளை’க்கு 2. மூணு அசை, முதல்ல பெரிய அழுத்தம், கடைசியில சின்ன அழுத்தம். யாழிசையை முழுசா, சையை விழுங்காம சொல்லிப் பாருங்க, அச்சு அதே நடை. இங்கிலீஷ்ல பாட்டு எழுதுறவங்க இந்த மாதிரி மூணு அசைச் சொல்லைக் கடைசி அசையில ஒரு தட்டுத் தட்டி ரைம் ஆக்குறது சகஜம். அதனால ஒரு அசைச் சொல்லைத் தேடுறதைவிட இந்தக் கூட்டத்துல தேடுங்க: பட்டர்ஃப்ளை, டிராகன்ஃப்ளை, லல்லபை, சாட்டிஸ்ஃபை, அலிபை, சாமுராய்.

ஈப்போரோடு_அக்கா | 10.37
லல்லபை! தம்பி, அதுதான். யாழுக்கும் இசைக்கும் தாலாட்டைவிடப் பொருத்தமா என்ன இருக்கு? நடுவுல ஒரு ல வேற வருது. பாப்பாவோட ழ இப்போதைக்கு ய ஆனாலும், மாமனாரோட எல்-எச் எதுவா ஆனாலும், முன்னாடி ஆ, பின்னாடி ஐ, அது மாறாது.

கோப்பி_ஓ | 10.39
அலிபையை எடுங்க. ‘வேர் வாஸ் லிட்டில் யாழிசை? ஷீ ஹாஸ் அ குட் அலிபை.’

ஓய்வுபெற்ற_வாத்தியார் | 10.44
துணை அழுத்தத்தில் அமைவதை முழு ரைம் என்று நான் ஏற்க மாட்டேன். வேண்டுமானால் ஏற்கத்தக்க ரைம்.

தரவுத்தம்பி | 10.45
ஆறு வயசுப் பிள்ளைங்க கான்சர்ட்டுக்கு ஏற்கத்தக்கது போதும் சார்.

செந்தூல்காரன் | 10.47
இவ்வளவு மண்டையை உடைக்கிறதுக்கு, நான் சொன்ன மாதிரி பேரை நடுவுல வச்சிட்டா முடிஞ்சுது.

பாயான்பாரு_அப்பா | 10.52
பேரு முதல் வரிக் கடைசியிலதான் வரணும்னு டீச்சர் போட்டிருக்காங்க. அப்புறம் மகள்தான் மேடையில சொல்லணும், நாங்க இல்லை. அதனால ‘ஷீ’ வேணாம், ‘ஐ’ன்னு வரட்டும். மைக்கைப் பார்த்தா பாதியில மறந்திடும், சின்னதா இருக்கணும்.

செந்தூல்காரன் | 10.53
இன்னும் என்னென்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க?

ஈப்போரோடு_அக்கா | 11.05
இந்தாங்க தம்பி.
‘ஐ அம் லிட்டில் யாழிசை,
ஸ்டார்ஸ், லை டவுன் ஃபார் மை லல்லபை.’
பெருசா இருந்தா ரெண்டாவது வரியை ‘லிசன் டு மை லல்லபை’ன்னு குறைச்சுக்கோங்க. சொல்லிக் கொடுக்கும்போது சையை நல்லா வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்க. அந்த ஒரு இடத்துல குறுக்கம் வேண்டாம்.

தரவுத்தம்பி | 11.09
அக்கா சூப்பர். ரெண்டாவதுதான் வாய்க்கு வருது, ஒரு வரிக்கு ஏழு அசை, ரெண்டுலயும். டீச்சருக்கு அனுப்பும்போது அவங்களுக்குப் புரியுற மாதிரி உச்சரிப்பையும் ஒரு வாய்ஸ் மெசேஜா போட்டுடுங்க. பிள்ளை ‘யாயிசை’ன்னு சொல்லி, அறிவிப்பாளர் ‘யால்-ஹி-சாய்’னு கூப்பிட்டா, வேற யாரோன்னு நினைச்சு மேடைக்கே வராது.

ஜெலுத்தோங்_பையன் | 11.12
பட்டர்ஃப்ளையும் கையில வச்சிக்குங்க. இறக்கை கட்டிவிட்டா பாதி கைதட்டு அதுக்கே வந்திடும். என்ன ஆனாலும் சாயைத் தனியா நிறுத்தாதீங்க!

புக்கிட்மெர்தாஜாம்_ரவா | 11.30
பந்துனை இங்கிலீஷ்லயும் எழுதலாம்னு இப்பத்தான் தோணுது. நாலு வரி அதிகமா?

பாயான்பாரு_அப்பா | காலை 7.14
அனுப்பியாச்சு. டீச்சர் ஓகே சொல்லிட்டாங்க. எல்லாருக்கும் நன்றி. பாலத்துல ஜாம், அப்புறம் வர்றேன்.

ஈப்போரோடு_அக்கா | 7.20
எதை அனுப்பினீங்க தம்பி? லல்லபையா, பட்டர்ஃப்ளையா?

கோப்பி_ஓ | 7.41
அலிபையா?

ஈப்போரோடு_அக்கா | மதியம் 1.05
தம்பி?

ஓய்வுபெற்ற_வாத்தியார் | 1.30
எதை அனுப்பியிருந்தாலும், இலக்கணப்படி அது முழு ரைம் அல்ல என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பின்னாளில் படிப்பவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது.

கோப்பி_ஓ | 1.32
வாத்தியார், பசியாறிட்டீங்களா?