குழந்தைகளுக்கு மாய உலகம் அமைத்துப் படம் எடுத்தவர்கள்: உங்கள் அனுபவம்?

நான் முதலில் பார்ப்பது வெயில் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதைத்தான். இறக்கை, கிரீடம், விளக்கு எல்லாம் அப்புறம். சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில், வெயில் முதுகுப் பக்கமிருந்து வரும்படி குழந்தையை நிறுத்தினால், நெட் துணியில் தைத்த சாதாரண இறக்கைகூட ஓரமெல்லாம் ஜொலிக்கும். முகத்தில் வெளிச்சம் திரும்பி விழ, எதிரே தாழ்வாகப் பிடித்த வெள்ளைத் தெர்மாகோல் போதும்.

தோட்டம் முழுக்க அலங்கரிக்கத் தேவையே இல்லை. 85 எம்எம் லென்ஸில் எஃப் 2 வைத்தால், அதாவது லென்ஸின் துவாரத்தை நன்றாகத் திறந்தால், பின்னணி கரைந்துவிடும். லென்ஸை ஒட்டி நாலு இலைகளைப் பிடித்தால், புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல இருக்கும். பனிமூட்டத்துக்குச் செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயர்தான். பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால் துளித்துளியாக மின்னும். முன்னாலிருந்து பட்டால் பெரிதாகத் தெரியாது. கலர்ப் புகைக்குச்சி மட்டும் வேண்டவே வேண்டாம். சூடும் புகையும் குழந்தைப் பக்கத்தில் எதற்கு?

கேமராவைப் பார்க்கவே மாட்டேன் என்று நின்ற ஒரு சிறுமி நினைவுக்கு வருகிறாள். மரப்பொந்தில் களிமண் காளான் ஒன்றை வைத்து, "உள்ளே ஒருத்தர் தூங்கறார், எழுப்பிடாம பாரு" என்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒற்றை விரலால் காளானைத் தொட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை 'சிரி கண்ணு' என்று கெஞ்சி வாங்க முடியாது.

*

காளான் யோசனை அருமை அக்கா. ஜாடிக்குள் சீரியல் லைட் போடுபவர்களுக்கு ஒன்று: பட்டன் பேட்டரி உள்ளதை வாங்காதீர்கள். விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். மூடியில் ஸ்குரூ உள்ள, பெரிய பேட்டரி போடும் பெட்டியே நல்லது. ஜிகினாத்தூளும் வேண்டாம், கண்ணில் விழும்.

*

1917-ல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் 16 வயது எல்சி ரைட்டும் 9 வயது ஃபிரான்சஸ் கிரிஃபித்ஸும் ஓடைக்கரையில் தேவதைப் படங்கள் எடுத்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலே நம்பிவிட்டார். அவை வரைந்து வெட்டிய காகிதங்கள், தொப்பி ஊசியில் குத்தி நிறுத்தியவை என்று 1983-ல்தான் ஒப்புக்கொண்டார்கள். அதைப் படித்ததிலிருந்து பொருள்களைக் குழந்தைகளையே செய்யச் சொல்கிறேன். தான் வெட்டிய இறக்கை என்றால் கழற்றவே மனம் வராது, ஓடிக்கொண்டே இருப்பார்கள். படம் கலங்காமல் இருக்க, ஷட்டர் வேகத்தை மட்டும் 1/250 நொடிக்குக் கீழே இறக்காதீர்கள். அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும்.