கைடு படிச்சுட்டு வந்தவங்க: உங்க அனுபவத்தை எழுதுங்க

கன்னங்குறிச்சியிலிருந்து:

அசெட்டோ கோர்சா காம்பெடிட்சியோனேங்கற கார் ரேஸ் கேமுக்கு நம்ம ஆளுங்க சேர்ந்து எழுதின தமிழ் கைடை இப்போ நான்தான் பார்த்துக்கறேன். மறக்கவே முடியாதது செவ்வாய்ப்பேட்டைத் தம்பி ஒருத்தனைப் பார்த்ததுதான். கொலுசுப் பட்டறையில வேலை. ராத்திரி வந்துதான் ஓட்டுவான்.

"அண்ணா, கைடுல போட்டிருக்கற மாதிரியே டயர் காத்து 27.5 பிஎஸ்ஐ வர வச்சேன். வண்டி வளைவுல நிக்கவே மாட்டேங்குது. எனக்குக் கை வரலை போலண்ணா"ன்னான். குரலே இறங்கிப் போச்சு. சரின்னு வீட்டுக்கே போயிட்டேன். கேம் ஓட்டற பழைய ஜி29 ஸ்டீயரிங் வீலை மேஜை ஓரத்துல முடுக்கி வச்சிருந்தான். பிரேக் பிடிக்கற இடம் சரி, வளைவுக்குள்ள போற லைனும் சரி. டயர் சூடானதும் திரையில பார்த்தா நாலும் 27.6, 27.7ன்னு நிக்குது.

அவன் படிச்சது யாரோ எப்பவோ காப்பி எடுத்து வச்ச பழைய பக்கம். 2023 ஏப்ரல்ல கேமோட 1.9 வெர்ஷன் வந்தப்போ ஜிடி3ங்கற ரேஸ் கார் வகையோட டயர் கணக்கே மாறிடுச்சு. அதுக்கு முன்னாடி காய்ஞ்ச டிராக்குல 27.5 சுத்தி இருந்தாதான் பிடிமானம். அதுக்கப்புறம் 26லேருந்து 27க்குள்ள. கிளம்பும்போது வைக்கற காத்தை நாலு டயர்லயும் ஒரு பிஎஸ்ஐ குறைக்கச் சொன்னேன். சில லேப் கழிச்சு 26.6ல நின்னுது. அடுத்த வளைவுல "அண்ணா, திரும்புதுண்ணா!"ன்னு கத்தினான் பாருங்க. நல்லா ஓட்டற பையன், ஒரு பழைய நம்பரை நம்பித் தன்னையே குறைச்சு நினைச்சுட்டு இருந்திருக்கான்.

அதனாலதான் எந்த நம்பர் வந்தாலும் நான் நாலு விஷயம் கேக்கறேன்: எந்த வெர்ஷன், எந்த டிராக், டிராக்குல வெளிக்காத்தோட சூடு எத்தனை டிகிரி, ஈரமா காய்ஞ்சதா. அந்தச் சூடு ஒரு டிகிரி ஏறினா டயர் பிரஷர் கிட்டத்தட்ட 0.1 பிஎஸ்ஐ ஏறும். 22 டிகிரியில போட்ட செட்டப்பை அப்படியே 30 டிகிரியில எடுத்துட்டுப் போனா 0.8 கூடி நிக்கும். டிகிரி போடாத நம்பர் யாருக்கும் உதவாது. காலாவதியான வரியை ஞாபகத்துக்குன்னு வச்சிருக்கணும்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடில்லை. தேடி வர்றவன் மேல இருக்கற குறிப்பையா படிக்கறான்? நம்பரை மட்டும் எடுத்துட்டுப் போயிடறான்.

வீடியோவுல பார்த்த நம்பரைக் கொண்டு வந்து கைடுல ஒட்டறவங்ககிட்ட "நீங்க ஓட்டிப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டா சிலருக்குக் கோபம் வருது. வரட்டும்.

ஏற்காட்டிலிருந்து:

அண்ணா, நான் இங்க வாடகைக் கார் ஓட்டறேன். கைடோட பிரேக் பகுதியில முன்னாடி ஒருத்தர் "நம்ம மலை ரோட்டுல மாதிரி விட்டு விட்டு மிதிங்க"ன்னு எழுதியிருந்தார். அதை எடுக்கச் சொன்னது நான்தாங்க.

சேலத்துக்கு இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவு. அங்க கீழ் கியர்ல போட்டு இன்ஜினை வச்சே வேகத்தை அடக்கணும். பிரேக்கையே நம்பினா பாதி வழியில கருகின வாசனை வந்துடும். கேம்ல ஜிடி3 காருக்கு அது நேர் எதிர்ங்க. வேகம் அதிகமா இருக்கும்போதுதான் காத்து வண்டியைத் தரையோட அமுக்குது, டயர் அதிக பிரேக்கைத் தாங்கும். அதனால முதல் மிதி பலமா, வேகம் குறையக் குறைய காலைத் தளர்த்திக்கிட்டே வளைவுக்குள்ள திருப்பணும். இதை நீங்க என் பேர்லயே சேர்த்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இங்க பைக்ல வர்ற பசங்களைத் தினமும் பார்க்கறேன். "இந்தப் பழக்கத்தை மலை ரோட்டுல காட்டாதீங்க, ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க"ன்னு பிரேக் பகுதியோட முதல் வரியா போடுங்கண்ணா, கடைசியில வேண்டாம்.

மழை டயர் பகுதியில இன்னும் 1.9க்கு முந்தின நம்பர்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை மதியம் எனக்குச் சவாரி இல்லை. ஈர டிராக்குல ஓட்டிப் பார்த்து, டிகிரியோட அனுப்பறேங்கண்ணா.