துபாயில் 18 ஹோல் கோல்ஃப் மைதானப் பராமரிப்பு டெண்டர்: தண்ணீர்க் கணக்கு எப்படிப் போடுவது?

கேள்வி: எஸ்டிமேட்டர்_துபாய்

வணக்கம். எங்கள் கம்பெனி இதுவரை வில்லா கம்யூனிட்டிகளின் லேண்ட்ஸ்கேப்பிங் மட்டும்தான் எடுத்து வந்தது. இப்போது துபாயில் ஒரு 18 ஹோல் மைதானத்தின் மூன்று ஆண்டுப் பராமரிப்புக்கு விலை கேட்டிருக்கிறார்கள். புல் பரப்பு 40 ஹெக்டேர். பெர்முடா புல், குளிர்காலத்தில் அதன் மேலேயே ரை என்ற குளிர்காலப் புல்லை விதைக்கும் ஓவர்சீடிங், தண்ணீர் டி.எஸ்.இ., அதாவது சுத்திகரித்த கழிவுநீர். தண்ணீர் பில்லை ஒப்பந்தக்காரரே கட்ட வேண்டும் என்று ஒரு ஷரத்து இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது.

வழக்கமான லேண்ட்ஸ்கேப் கணக்கு இதற்குப் போதுமா? இன்னொன்று, இந்தத் தொழிலில் பணம் எங்கிருந்து வருகிறது? கிளப் நஷ்டத்தில் ஓடினால் நம் பில் மாட்டிக்கொள்ளுமோ என்று முதலாளி கேட்கிறார்.

பதில் 1: பம்ப்ஹவுஸ்

முதலில் அலகைச் சரிபண்ணுங்க. இங்கே தண்ணீர் பில் வெகுகாலம் வந்தது இம்பீரியல் கேலனில், அது 4.546 லிட்டர். டோரோ, ரெயின் பேர்ட் போன்ற ஸ்ப்ரிங்க்ளர் கம்பெனிகளின் நாசில் அட்டவணையில் இருப்பது அமெரிக்க கேலன், 3.785 லிட்டர். இரண்டையும் கலந்து போட்டால் 20 சதவீதம் அங்கேயே போச்சு. எல்லாவற்றையும் கனமீட்டருக்கு மாற்றிவிடுங்க. 1 ஹெக்டேரில் 1 மி.மீ. தண்ணீர் என்றால் 10 கனமீட்டர்.

ஜூன் மாத ஆவியுயிர்ப்பு, அதாவது மண்ணிலும் இலையிலும் இருந்து ஆவியாகிப் போகும் தண்ணீர், நாளுக்கு 10 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்க. பெர்முடாவுக்குப் பயிர்க் குணகம், அதாவது அதில் இந்தப் புல்லுக்குத் தேவையான பங்கு, 0.7, ஆக புல்லுக்குத் தேவை 7 மி.மீ. ஆனால் ஸ்ப்ரிங்க்ளர் எல்லா இடத்திலும் ஒரே அளவாக ஊற்றாது. சீர்மை, அதான் டி.யூ., 75 சதவீதம் இருந்தால் 7-ஐ 0.75-ஆல் வகுக்கணும்: 9.3. உப்பை வேருக்குக் கீழே தள்ள 10 சதவீதம் ஒதுக்கினால் 9.3-ஐ 0.9-ஆல் வகுத்து 10.4 மி.மீ. 40 ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4,150 கனமீட்டர், 9 லட்சம் இம்பீரியல் கேலனுக்கு மேல். வளைகுடா கோல்ஃப் பேச்சில் அடிபடுகிற ‘நாளுக்கு ஒரு மில்லியன் கேலன்’ வானத்திலிருந்து குதித்த எண் இல்லை.

இப்போது டி.யூ. 60-க்கு இறங்கியிருக்கிறது என்று வையுங்க. அதே புல்லுக்கு 13 மி.மீ. வேணும். நாளுக்கு 1,000 கனமீட்டர் கூடுதல், அதுவும் உங்க கைக்காசு. அதனால் விலை போடுவதற்கு முன்னால் கேட்ச் கேன் டெஸ்ட் எடுக்காமல் நகராதீங்க. ஒரு ஃபேர்வேயில் (ஹோலுக்குப் போகும் நீண்ட புல்பாதை) 3 மீட்டர் இடைவெளியில் கட்டம் கட்டமாகக் கேன்களை வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்க. குறைந்த அளவு விழுந்த கால்பங்கு கேன்களின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்தால் டி.யூ. விடியற்காலையில் செய்யுங்க; பிற்பகலில் கடல்காற்று எழும்பினால் அளவு நம்பும்படி இருக்காது. டி.யூ. கெடுவதற்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டாம். மணல் அரித்த நாசில், டாப் டிரெசிங் (புல்மேல் தூவும் மணல்) ஏற ஏற புல்மட்டத்துக்குக் கீழே புதைந்துபோன ஸ்ப்ரிங்க்ளர் தலை, உடைந்ததற்குப் பதிலாகக் கையில் கிடைத்த அளவில் மாட்டிய நாசில், இந்த மூன்றும்தான் பெரும்பாலும்.

அந்த 10 சதவீதம் எங்கிருந்து வந்தது? தண்ணீரின் ஈ.சி. (மின்கடத்துத்திறன், உப்பின் அளவுகோல்) 3, பெர்முடா தாங்குகிற மண் ஈ.சி. 6.9 என்றால், 3-ஐ (5 × 6.9 − 3)-ஆல் வகுக்க 9.5 சதவீதம். ஈ.சி. 5-க்கு ஏறினால் இது 17 சதவீதம் ஆகும். ஈ.சி.யை டி.எஸ்.இ. லைன் உள்ளே வரும் இடத்தில் அளக்காதீங்க, ஏரியில் பம்ப் உறிஞ்சும் இடத்தில் அளங்க. 2 ஹெக்டேர் ஏரியில் கோடையில் நாளுக்கு 200 கனமீட்டர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் தங்கும். அந்த 200-ம் பில்லில் வரும்.

பம்பையும் ஒரு பார்வை பாருங்க. இரவு 9 மணி நேரத்தில் 4,150 கனமீட்டர் என்றால் மணிக்கு 460. ஒரு பம்ப் படுத்தால் மீதி இருப்பவை அதைத் தருமா? தராவிட்டால் காலை முதல் டீ டைமில் (ஆட்டம் தொடங்கும் நேரம்) ஆட்டக்காரர் தலையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

பதில் 2: பெர்முடா_419

பம்ப்ஹவுஸ் சார் சொன்னது கோடை. ஓவர்சீடிங் மைதானத்தில் உண்மையான தலைவலி அக்டோபரிலிருந்து தொடங்குகிறது.

துபாய்க் குளிரில் பெர்முடா சாவதில்லை, வளர்ச்சி மந்தமாகி நிறம் மங்கும், அவ்வளவுதான். ஆனால் சுற்றுலாப் பயணி வருவதும் ஜனவரியில் டெசர்ட் கிளாசிக் கோல்ஃப் போட்டி டிவியில் வருவதும் அப்போதுதான் என்பதால், பட்டை பட்டையாக வெட்டிய பச்சை எல்லா கிளப்புக்கும் வேண்டும். ஃபேர்வேக்கு ரை விதை சதுர மீட்டருக்கு 40 முதல் 50 கிராம். 20 ஹெக்டேர் ஃபேர்வே என்றால் 8 முதல் 10 டன் விதை, முழுக்க இறக்குமதி. மூன்று, நான்கு வாரம் முன்பே நைட்ரஜனை நிறுத்தி, செங்குத்து வெட்டு ஓட்டி, பெர்முடாவைத் தாழ்வாகச் சிரைத்துவிட்டு விதைக்க வேண்டும். முளைக்கும் வரை நாளுக்கு நாலைந்து முறை லேசாக நனைக்க வேண்டும். விதைப்பைச் சீக்கிரம் தொடங்கினால் சூட்டில் நாற்று அழுகும். தள்ளிப்போட்டால் சீசன் தொடங்கியும் தரை வெளுத்தே கிடக்கும்.

பலர் விலையில் விடுவது ஏப்ரல், மே மாற்றம். ரை நன்றாக அமைந்துவிட்டால் பெர்முடாவுக்கு வெயிலே படாது. ஜூனில் சூடு ஏறி ரை ஒரேயடியாகக் காயும்போது அடியில் பெர்முடா இருக்காது, சொட்டை சொட்டையாக மணல் தெரியும். மார்ச் கடைசியிலிருந்தே வெட்டு உயரத்தைக் குறைத்து ரையைப் பலவீனப்படுத்த வேண்டும். தேவைப்பட்டால் களைக்கொல்லியால் எடுக்க வேண்டும். வெற்றிடத்தை நிரப்பப் புல்துண்டு நடும் செலவை பி.ஓ.க்யூ.வில் (வேலை, அளவு, விலைப் பட்டியல்) தனி வரியாகக் காட்டுங்கள். ‘இதரச் செலவு’க்குள் ஒளித்தால் பிற்பாடு கேட்க முடியாது.

‘பெர்முடாவுக்குப் பதில் பாஸ்பாலம் புல் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை’ என்று யாராவது சொல்வார்கள். அபுதாபி யாஸ் லிங்க்ஸ் மாதிரி கடலோர மைதானங்களுக்கு அது பொருத்தம்தான். உப்பை நன்றாகத் தாங்கும், குளிர்காலத்திலும் நிறம் நிற்கும். ஆனால் உப்பைத் தாங்கும் என்றால் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் என்று அர்த்தமில்லை. விற்பனைப் பேச்சில் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்கள்.

கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றிய நைசான புல்பரப்புக்கு, ஒரே ஒரு எச்சரிக்கை. டாப் டிரெசிங்குக்குப் பக்கத்து மணல்மேட்டு மணலை அள்ளிப் போட விடாதீர்கள். பாலைவன மணல் உருண்டையானது, மிக நைசானது. யு.எஸ்.ஜி.ஏ. (அமெரிக்க கோல்ஃப் சங்கம்) முறைப்படி அமைத்த கிரீனில் 0.25 முதல் 1 மி.மீ. துகள் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும், 0.15 மி.மீ.க்குக் கீழே உள்ள பொடி மிகச் சொற்பம். நைஸ் மணல் ஒரு அடுக்காகப் படிந்தால் தண்ணீர் அங்கேயே தேங்கி, கறுத்து, அழுகல் முட்டை நாற்றம் அடிக்கும். அதன்பின் ஊசித்துளை போட்டுத் தீராது.

பதில் 3: ஒப்பந்தம்

பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு வருகிறேன்.

1988-இல் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் திறக்கும் முன் இங்கே கோல்ஃப் என்றால் மணல்தான். கிரீனுக்குப் பதில் எண்ணெய் கலந்து அழுத்திய ‘பிரவுன்’. 1989-இல் அங்கே டெசர்ட் கிளாசிக் தொடங்கியது. அப்போது நோக்கம் சுற்றுலாவும் ஊர்ப்பெயரும். 2000-க்குப் பிறகு கதை மாறியது. மான்ட்கோமெரி, அரேபியன் ராஞ்சஸ், ஜுமேரா கோல்ஃப் எஸ்டேட்ஸ், டமாக் ஹில்ஸ், துபாய் ஹில்ஸ் எல்லாமே வீட்டு மனைக்கு நடுவே போட்ட மைதானங்கள். ஃபேர்வே பார்த்த வில்லாவுக்குக் கிடைக்கும் கூடுதல் விலையில்தான் மைதானத்தின் முதலீடு திரும்பி வருகிறது, கிரீன் ஃபீயில், அதாவது ஆட்டக் கட்டணத்தில், அல்ல. அதனால்தான் வில்லா விற்பனை நின்றால் மைதானமும் நிற்கும். டைகர் வுட்ஸ் பெயரில் 2006-இல் அறிவித்த அல் ருவாயா திட்டம் சில ஹோல்களோடு நின்று, பிறகு கைவிடப்பட்டது.

உங்களுக்கு இதில் என்ன? வில்லாக்கள் விற்றுத் தீர்ந்த பிறகு டெவலப்பருக்கு மைதானம் வெறும் செலவு. எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது யார் என்று பாருங்கள்: டெவலப்பரா, நிர்வாகக் கம்பெனியா, கிளப் பெயரில் உள்ள தனி எல்.எல்.சி.யா? கடைசி வகை என்றால் தாய்க் கம்பெனியின் உத்தரவாதம் கேளுங்கள். கிளப் வருமானம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் கொழிக்கும். உங்கள் தண்ணீர்ச் செலவோ ஜூன், ஜூலையில் உச்சம். மாதத் தவணையைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்தால் கோடை முழுக்க உங்கள் கையிலிருந்து போடுவீர்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 வரை வெளிவேலைக்குத் தடை, ஆள்கணக்கையும் அதற்கேற்ப ஷிஃப்டாகப் பிரியுங்கள்.

எஸ்டிமேட்டர்_துபாய்

எல்லோருக்கும் நன்றி. டெண்டருக்கு முன் கேட்ச் கேன் டெஸ்டுக்கு ஓனர் தரப்பு அனுமதி தரவில்லை. தண்ணீர் ஷரத்தையும் எடுக்க முடியாது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பம்ப்ஹவுஸ்

அப்போ கடந்த 24 மாத டி.எஸ்.இ. பில்லைக் கேளுங்க. மாதவாரியாக என் கணக்கோடு ஒப்பிட்டால் டி.யூ. எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். விலைக் கடிதத்தில் அனுமானங்களை எழுதிப் போடுங்க: டி.யூ. 75, பம்ப் உறிஞ்சுமிடத்தில் ஈ.சி. 3-க்குள், பரப்பு 40 ஹெக்டேர், டி.எஸ்.இ. விலை இன்றைய விலை. இதில் எது மீறினாலும் வித்தியாசம் ஓனர் கணக்கு. டி.எஸ்.இ. சப்ளை நின்று குடிநீர் லைனுக்கு மாற நேர்ந்தால் அந்த பில் யாருடையது என்பதையும் அதிலேயே எழுதிடுங்க. பில் தர மறுத்தால் தண்ணீரை அளவுக்கு ஏற்ற யூனிட் விலையாக மட்டும் கொடுங்க, மொத்தத் தொகைக்குள் சேர்க்காதீங்க.