ஐந்து பேர், ஐந்து தொழில், ஒரே பில்: எல்லோரும் பங்குதாரராக ஒரு கூட்டு நிறுவனம் அமைப்பது எப்படி?

கோத்தகிரி மேப்காரன் எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் தனித்தனியாகத் தொழில் செய்கிற ஐந்து பேர் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நான் ஜிஐஎஸ் (கணினியில் நிலத் தகவல்களைச் சேர்த்துப் போடுகிற) வரைபடம் போடுகிறவன். மற்றவர்களில் ஒருவர் மண்சரிவு பார்க்கிற ஜியாலஜிஸ்ட், ஒருவர் சோலை (மலைக்காட்டு) மரம், நாற்றங்கால் என்று இருப்பவர், ஒருவர் ஊற்று, ஓடைத் தண்ணீர் அளப்பவர், இன்னொருவர் ஆர்க்கிடெக்ட். யாரும் யாருக்கும் முதலாளி இல்லை, அப்படி ஆகிற ஆசையும் யாருக்கும் இல்லை.

இதுவரை எப்படி ஓடுகிறது என்றால், யாருக்கு வேலை வருகிறதோ அவர் பெயரில் பில் போகும், பணம் வந்ததும் மற்றவர்களுக்கு ஜிபேயில் பிரித்து அனுப்பிவிடுவார். சின்ன வேலைக்கு இது போதும். ஆனால் பில் போட்டவர் கணக்கில்தான் மொத்தத் தொகையும் ஏறுகிறது, டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கிற வருமான வரி) அவர் பான் எண்ணில் பிடிக்கிறார்கள், ஜிஎஸ்டி பதிவுக்கான ஆண்டு வரவு 20 லட்சம் என்ற வரம்பில் அவர்தான் முதலில் போய் முட்டுகிறார். இப்போது ஒரு எஸ்டேட்டில் கொஞ்சம் பெரிய வேலை கேட்டிருக்கிறார்கள். சீகை (வாட்டில்) மரங்களைப் படிப்படியாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோலை மரம் வைப்பது, இரண்டு ஊற்றுகளைப் பாதுகாப்பது, சரிவில் எங்கே கட்டலாம் எங்கே கூடாது என்று வரைபடம் போட்டுக் கொடுப்பது. அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒப்பந்தம், ஒரே பில், ஏதாவது தப்பானால் கேட்பதற்கு ஒரே இடம்.

எங்களுக்குள் இரண்டு பேர் எல்எல்பி (பங்குதாரர் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) என்கிறார்கள், இரண்டு பேர் கூட்டுறவுச் சங்கம் என்கிறார்கள், நான் நடுவில். ஆளுக்கு 20 சதவீதம் என்று வைப்பது நியாயமா, வேலை பிடித்து வருகிறவருக்குத் தனியாக ஏதாவது கொடுப்பதா? டிஜிபிஎஸ் கருவி (இடத்தைத் துல்லியமாக அளப்பது) என் காசில் வாங்கியது, அதை என்ன செய்வது? நாளைக்கு ஒருவர் விலகினால் அவர் எடுத்த டேட்டா யாருக்கு? ஜியாலஜிஸ்ட்டுக்கு வேறொரு பயம். 2009 நவம்பர் மண்சரிவை நேரில் பார்த்தவர் அவர். தான் கையெழுத்துப் போட்ட சரிவில் நாளை ஏதாவது இறங்கினால் மற்ற நால்வரையும் சேர்த்து இழுத்துவிடுமோ என்று கேட்கிறார். இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் ஆடிட்டர் எழுதியது:

நல்ல கேள்வி. முதலில் எது ஒத்துவராது என்று சொல்லிவிடுகிறேன்.

உற்பத்தியாளர் நிறுவனம் என்ற வடிவம் உங்களுக்கு இல்லை. பக்கத்திலேயே ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கிறதே, 2021-ல் ஐநாவின் ஈக்குவேட்டர் விருதுகூட வாங்கினார்களே என்று யாராவது சொல்லக்கூடும். அங்கே உறுப்பினர்கள் தேன் எடுப்பவர்கள், மிளகும் காபியும் விளைவிப்பவர்கள். உங்களைப் போல அறிக்கை எழுதுகிறவர்கள் அந்தச் சட்டத்தின் கண்ணில் உற்பத்தியாளர் ஆக மாட்டீர்கள், தவிர அதற்குக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். கூட்டுறவுச் சங்கம் என்றால் 1983-ம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழே வரும். ஐந்து பேருக்கு அது பெரிய சட்டை. பதிவாளர் அனுமதி, தேர்தல், தணிக்கை, தேர்தல் நடக்காவிட்டால் தனி அலுவலர் என்று போகும்.

சாதாரண பார்ட்னர்ஷிப்பில் ஒருவர் செய்த தப்புக்கு எல்லோருடைய வீடும் பொறுப்பு. உங்கள் ஜியாலஜிஸ்ட் பயப்படுவது அதைத்தான். எல்எல்பி சட்டம், 2008 இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. தன்னுடைய தவறுக்கு அவரவர் நேரடியாகப் பொறுப்பு, இன்னொரு பங்குதாரர் செய்ததற்கு இவர் சொந்தச் சொத்திலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. எல்எல்பியின் சொத்து மாட்டும், அது வேறு. ஆக சரிவு அறிக்கையில் யார் கையெழுத்தோ அவர் பொறுப்பு அவரோடு இருக்கும், வரைபடம் போட்ட உங்கள் வீட்டுக்கு வராது. அவருக்குத் தொழில் பொறுப்புக் காப்பீடு எடுங்கள், பிரீமியம் பொதுக் கணக்கிலிருந்து போகட்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, எல்எல்பியில் முதலீடு பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கருவி, உரிமை, இனிமேல் செய்யப்போகிற வேலைக்கான ஒப்பந்தம்கூட முதலீடாகக் கணக்கில் வரும். அதன் பண மதிப்பை எழுதிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது கசப்பான பக்கம். தனி ஆளாக இருக்கும்போது வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டுகிற எளிய முறை எல்எல்பிக்குக் கிடையாது. லாபத்துக்கு 30 சதவீதமும் செஸ்ஸும். ஆனால் வேலை செய்கிற பங்குதாரர்களுக்குக் கொடுக்கிற சம்பளத்தை வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம். முதல் 6 லட்சம் லாபத்துக்கு 3 லட்சம் அல்லது 90 சதவீதம், எது அதிகமோ அது, அதற்கு மேலே 60 சதவீதம். வரி போக மிஞ்சுகிற லாபப் பங்குக்கு உங்கள் கையில் மறுபடி வரி இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கிற சம்பளம், வட்டி ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். வரவு 40 லட்சத்தையோ முதலீடு 25 லட்சத்தையோ தாண்டினால்தான் எல்எல்பி சட்டப்படி தணிக்கை கட்டாயம். ஆனால் ஆண்டறிக்கையான படிவம் 11 மே 30-க்குள், கணக்கு விவரமான படிவம் 8 அக்டோபர் 30-க்குள், வேலையே நடக்காத வருஷமாக இருந்தாலும் போட்டாக வேண்டும். அதை விட்டுவிட்டு அபராதத்தோடு என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம், பெயரில் ஆர்க்கிடெக்ட்ஸ் என்று சேர்க்காதீர்கள். பங்குதாரர் எல்லோரும் ஆர்க்கிடெக்ட்களுக்கான கவுன்சிலில் பதிவு செய்த ஆர்க்கிடெக்டாக இருந்தால்தான் அது செல்லும்.

இலைக்காரர் எழுதியது:

நான் நிபுணர் எல்லாம் இல்லை, தேயிலை விவசாயி. ஆனால் எல்லோருக்கும் பங்கு என்ற விஷயத்தை எங்கள் ஹட்டிக்காரர்கள் (படுகர் ஊர்க்காரர்கள்) தாத்தா காலத்திலிருந்து பார்த்துவிட்டோம். நீலகிரியில் இன்ட்கோ கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் 1960-களில் வந்தவை, இவற்றுக்கெல்லாம் தலைமைச் சங்கமான இன்ட்கோசர்வ் 1965-லிருந்து இருக்கிறது. இலை போடுகிற சிறு விவசாயிதான் அங்கே உறுப்பினர், சொந்தக்காரர்.

நடப்பது என்ன? தனியார் பாட்லீஃப் ஃபேக்டரி (வெளியே இலை வாங்கித் தூள் போடுகிற தொழிற்சாலை) ஏஜெண்ட் கிலோவுக்கு ஒரு ரூபாய் சேர்த்துத் தருகிறேன் என்றால் நம் ஆள் சாக்கைத் தூக்கி அந்த வண்டியில் போட்டுவிடுவார். சீசனில் இலை குவிந்து, அதே ஏஜெண்ட் போதும் போதும் என்று கையை ஆட்டும்போது எல்லோரும் சங்கத்து ஃபேக்டரி வாசலில் நிற்பார்கள். நம்ம ஃபேக்டரிதானே, எடுக்க மாட்டாயா என்று சண்டை வேறு. நல்ல இலை வெளியே போய், மிச்சம் மட்டும் வந்தால் அந்தத் தூளுக்கு ஏலத்தில் என்ன விலை கிடைக்கும்? பங்குப் பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருக்கும், அது யாரையும் கட்டிப்போடாது.

தம்பி, உங்கள் ஐந்து பேருக்கும் இதே சோதனை வரும். எஸ்டேட் மேனேஜர் ஒருநாள் ஆர்க்கிடெக்டைத் தனியாகக் கூப்பிட்டு, கம்பெனி வழியாக எதற்கு, நேராகப் பண்ணிக் கொடுங்கள், ஜிஎஸ்டியும் மிச்சம் என்பார். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று இப்போதே எழுதிவையுங்கள். பழைய வாடிக்கையாளர் அவரவருக்கு, கூட்டு மூலமாக வந்தவர் கூட்டுக்கு, இவ்வளவு ரூபாய்க்குக் கீழே உள்ள சில்லறை வேலை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று எங்கேயாவது ஒரு கோடு வேண்டும். எல்லாமே கூட்டு வழியாகத்தான் என்று இறுக்கினால் ஒளித்துச் செய்வார்கள், நான் பார்த்தது அதுதான்.

கூடலூர் வாசி எழுதியது:

ஆடிட்டர் சார் கூட்டுறவை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டார். மலை இறங்கினால் கோழிக்கோடு. வடகரைப் பக்கம் 1925-ல் கூலித் தொழிலாளர்கள் தொடங்கிய ஊராளுங்கல் சங்கம் இன்று பெரிய பெரிய ரோடு, பாலம் எல்லாம் கட்டுகிறது, கோழிக்கோட்டில் ஐடி பார்க்கே வைத்திருக்கிறது. வேலை செய்கிறவனே அங்கே உறுப்பினர். இந்தியன் காபி ஹவுஸும் அப்படித்தான், 1957-ல் காபி போர்டு கடைகளை மூடியபோது ஏ.கே.கோபாலன் முன்னின்று தொழிலாளர்களே எடுத்து நடத்தியது. ஆக முடியாது என்றில்லை. ஐந்து பேருக்கு முடியாது, அது சரி.

ஆனால் கூட்டுறவில் உங்கள் நண்பர்களுக்குப் பிடித்தது என்ன என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு, பணம் அதிகம் போட்டவன் அதிகம் பேசக் கூடாது, அதுதானே? அதை எல்எல்பி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். எழுதாமலே விட்டாலும் சட்டத்தின் முதல் அட்டவணை வந்து உட்கார்ந்துகொள்ளும், அதிலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான், லாபமும் சமம்தான். ஆனால் அதே அட்டவணைப்படி யாருக்கும் சம்பளம் கிடையாது, நான்கு பேர் சேர்ந்தாலும் ஐந்தாமவரை வெளியே அனுப்ப முடியாது. நெட்டில் கிடைக்கிற மாதிரி ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

ஊட்டிப் பழையவன் எழுதியது:

நான் முன்பு இப்படி ஒரு கூட்டில் இருந்தேன், எந்த ஊர், யார் என்பது இங்கே வேண்டாம். அது லாபத்தைப் பிரிப்பதில் உடையவில்லை. பில் ஆகாத வேலையில் உடைந்தது. எஸ்டிமேட் எழுதுவது, கிளையண்ட்டை ஊற்றுக்குக் கூட்டிப் போய் வருவது, பணத்துக்கு வாரா வாரம் போன் அடிப்பது, படிவம் போடுவது. இதெல்லாம் ஒரே ஆள் தலையில் விழும், அவர் பொறுப்பானவர் என்பதால். மற்றவர்கள் களத்துக்குப் போன நாளைக் கணக்கு வைத்துப் பணம் வாங்குவார்கள், இவருக்கு நன்றி மட்டும். இரண்டு மழைக்காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் எழுந்து போனார், அதோடு வேலையும் போனது.

அதனால் சொந்தக்காரர் என்ற பங்கையும் வேலைக்கான கூலியையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். பங்கு ஐந்தும் சமமாக இருக்கட்டும். பணம் வேலையைப் பார்த்துப் போகட்டும். உதாரணமாக 6 லட்சத்துக்கு ஒரு வேலை, ஜிஎஸ்டி தனி. ஜீப், ஆள் கூலி, நாற்று என்று 90,000 செலவு போனால் 5,10,000. அதில் 15 சதவீதம், 76,500 பொதுப் பெட்டிக்கு. வேலை கொண்டுவந்தவருக்கு 5 சதவீதம், 25,500. மீதி 4,08,000. ஐந்து பேரும் போட்ட நாட்கள் மொத்தம் 68 என்றால் நாளுக்கு 6,000. அந்த 68-ல் போன் அடித்த நாளும், எஸ்டிமேட் எழுதிய நாளும் அதே ரேட்டில் சேர வேண்டும். சதவீதத்தை உங்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் கொண்டுவந்தவர் பங்கு முதல் வேலைக்கு மட்டும், அதே கிளையண்ட்டிடமிருந்து அடுத்து வருவது எல்லோரும் சேர்ந்து சம்பாதித்த நல்ல பெயர்.

டிஜிபிஎஸ்ஸை முதலீடாகப் போடாதீர்கள் என்பேன். உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், கூட்டு உங்களுக்கு நாள் வாடகை தரட்டும். கருவிக்கு விலை குறைந்துகொண்டே போகும், விலகும்போது அதற்கு என்ன மதிப்பு என்று உட்கார்ந்தால் நட்பும் போய்விடும்.

டேட்டாவுக்கு ஒரே வழிதான். ஒப்பந்தத்தில் கிளையண்ட்டுக்கு எது கொடுக்கிறோம் என்று எழுதிவிட்டு, மீதியில் விலகுகிறவருக்கும் ஒரு நகல், கூட்டுக்கும் ஒரு நகல். எஸ்டேட்காரர் ரகசியம் என்று சொன்ன ஊற்று இருப்பிடங்களை மட்டும் இரண்டு பக்கமும் வெளியே விடக் கூடாது.

கோத்தகிரி மேப்காரன் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஊட்டி அண்ணா எழுதியதை அப்படியே குரூப்பில் போட்டேன், தண்ணீர் அளக்கிறவர் மட்டும் ஒரு மணி நேரம் பதில் போடவில்லை. அப்புறம் பார்த்தால் இதுவரை எஸ்டிமேட் எல்லாம் எழுதியது அவர்தானாம். இலைக்காரர் ஐயா சொன்ன கோடு பற்றித்தான் இன்னும் சண்டை. ஆர்க்கிடெக்ட் 1 லட்சத்துக்குக் கீழே அவரவருக்கு என்கிறார், நாற்றங்கால்காரர் 25,000 போதும் என்கிறார், அவரவர் வேலையின் சைஸ் அப்படி.

இரண்டு சந்தேகம் மிச்சம். ஒருவர் விலகுகிறேன் என்றால் சட்டப்படி எப்போது, எவ்வளவு கொடுக்க வேண்டும்? எஸ்டேட் பணம் இழுத்தடித்தால் கூட்டு நிறுவனத்துக்கு ஏதாவது பிடி இருக்கிறதா?

குன்னூர் ஆடிட்டர் எழுதியது:

ஒப்பந்தத்தில் எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். அவர் போட்ட முதலீடும், நஷ்டம் கழித்துச் சேர்ந்திருக்கிற லாபத்தில் அவர் பங்கும் கொடுக்க வேண்டும். பெட்டியில் காசு இல்லாத மாதத்தில் அந்த நோட்டீஸ் வந்தால் திண்டாட்டம், அதனால் 90 நாள் நோட்டீஸ், நான்கு தவணை என்று எழுதிக்கொள்ளுங்கள். கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதையும் சேருங்கள். விலகியதும் பதிவாளருக்கும் கிளையண்ட்டுகளுக்கும் உடனே தெரிவியுங்கள், அதுவரை வெளியாட்களுக்கு அவர் இன்னும் பங்குதாரர்தான்.

பணம் இழுத்தடிப்புக்கு, எல்எல்பி பெயரில் உத்யம் (சிறு, குறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்துவிடுங்கள், இலவசம்தான். குறுநிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும், தாமதத்துக்கு வட்டி உண்டு. அதைவிட எஸ்டேட் ஆடிட்டருக்கு வலிக்கிறது எது என்றால், அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கிற வருஷம் வரை அவர்கள் செலவாகக் கழிக்க முடியாது. பில்லில் உத்யம் எண்ணைப் பெரிதாகப் போடுங்கள், மார்ச் மாதம் அவர்களே கூப்பிடுவார்கள்.

எல்எல்பி பதிவானதிலிருந்து 30 நாளுக்குள் ஒப்பந்தத்தைப் படிவம் 3-ல் ஏற்ற வேண்டும். 1 லட்சமா 25,000-மா என்ற சண்டையைப் பதிவுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.